டிரேக் மே, கேலப் வில்லியம்ஸ்: இந்த வருடம் இவர்கள் இருவர்தான்

என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்) 2025 சீசன் செப்டம்பர் 4 அன்று தொடங்குவதற்கு முன் எழுதுவது இது. லீக்குக்குள் வந்து இரண்டாம் வருடம் ஆடுபவர்களில் யார் வெடித்துக் கிளம்பப் போகிறார்கள் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். கை பலம், ஓட்ட வேகம், உயரம் என்று ஆட்டக்காரரை மட்டும் அளந்து பார்க்கும் பட்டியல்கள்தான் பெரும்பாலும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டாம் வருடத்தில் எழுவதும் விழுவதும் பாதிக்கு மேல் அணி நிர்வாகத்தின் கையில் இருக்கிறது. கோச் யார், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஆஃபென்சிவ் லைன் ஐவர் யார் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பையனைப் பார்க்க வேண்டும்.

முதல் வருடம் பாவப்பட்ட வருடம். காலேஜ் சீசன் முடிந்த கையோடு, அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கான பயிற்சி. பிப்ரவரி கடைசியில் இண்டியானபோலிஸில் நாற்பது யார்டு ஓட்டம், நேர்காணல்கள். ஏப்ரலில் டிராஃப்ட், மே மாதம் புது ஊர், புதுப் பிளேபுக் (அணியின் ஆட்டத் திட்டங்கள்). நின்று மூச்சு விட நேரம் கிடையாது. முழுதாக ஒரு ஓய்வுக்காலம் கிடைப்பதே இரண்டாம் வருடத்துக்கு முன்னால்தான். அதனால்தான் அந்த வருடம் பலருக்குத் திருப்பமாகிறது. 2019-இல் பால்டிமோர் அணி கிரெக் ரோமனை ஆஃபென்சிவ் கோஆர்டினேட்டராக (தாக்குதலை வகுக்கும் கோச்) உயர்த்தி, குவார்ட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு ஏற்றபடி தாக்குதல் முறையையே மாற்றிக் கட்டியது. பலன், இரண்டாம் வருடத்திலேயே ஒருமனதாக எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) விருது, ஓடியே எடுத்த 1,206 யார்டு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நான் இருப்பது பாஸ்டன் பக்கம், இங்குள்ள பேட்ரியட்ஸ் அணியின் ரசிகன். எங்கள் குவார்ட்டர்பேக்காக இருந்த மேக் ஜோன்ஸுக்கு நடந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. 2021-இல் முதல் வருடமே 22 டச்டவுன் (பந்தை எல்லைக்குள் சேர்ப்பது), பிளேஆஃப் (சீசன் முடிவின் நாக்அவுட் சுற்று). அதோடு கோஆர்டினேட்டர் ஜாஷ் மெக்டேனியல்ஸ் ரெய்டர்ஸுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தகுந்த ஒருவரைத் தேடாமல், டிஃபென்ஸில் பெயர் எடுத்த மேட் பட்ரிஷியாவிடம் தாக்குதலைக் கொடுத்தார்கள். 2022-இல் ஜோன்ஸ் 14 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிவு). அதற்குப் பிறகு அவர் அங்கே எழவே இல்லை. பையனிடமும் குறை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பந்தலைப் பிடுங்கிவிட்டுக் கொடி ஏன் படரவில்லை என்று கேட்டால் எப்படி?

பேட்ரியட்ஸின் மைதானம் இருக்கும் அதே ஃபாக்ஸ்பரோவில் இப்போது குவார்ட்டர்பேக் டிரேக் மே. 2024 டிராஃப்டில் மூன்றாவது ஆளாக வந்தவர். முதல் ஐந்து ஆட்டத்தையும் தொடங்கியது மூத்த குவார்ட்டர்பேக் ஜகோபி பிரிசெட். இறங்கிய பிறகு 2,276 யார்டு, 15 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். அணிக்கு 4 வெற்றி, 13 தோல்வி. எண்ணிக்கையைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். நவம்பரில் நாஷ்வில்லில் நடந்த டென்னஸி ஆட்டத்தின் கடைசிப் பந்தைப் பார்த்திருந்தால் தெரியும். ஏழு புள்ளி பின்தங்கல், எல்லைக்கு ஐந்து யார்டு, கடிகாரத்தில் மிச்சம் நான்கே நொடி. பந்து கைக்கு வந்ததும் பின்னால் ஓடுகிறார், பக்கவாட்டில் ஓடுகிறார், பிடிக்க வந்தவர்களுக்கு நழுவுகிறார். இரண்டரை, மூன்று நொடியில் எறிந்தாக வேண்டிய பந்தைக் கிட்டத்தட்ட 12 நொடி வைத்திருந்து, ரமாண்ட்ரே ஸ்டீவன்சனிடம் எறிந்து டச்டவுன் ஆக்கினார். கூடுதல் நேரத்தில் 20-17 என்று தோற்றது வேறு விஷயம்.

அந்தக் காட்சியை எல்லோரும் வியந்து பகிர்ந்தார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான். 12 நொடி ஓட வேண்டி வந்தது ஏன்? முன்வரிசை நிற்கவில்லை, பந்து வாங்க ஆள் விடுபடவில்லை. போன வருடம் அந்த அணியில் பந்து பிடித்து 700 யார்டு எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. இப்போது மைக் வ்ரேபல் தலைமைக் கோச். மெக்டேனியல்ஸ் திரும்பி வந்துவிட்டார். பந்து பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸ் வந்திருக்கிறார். இந்த வருட டிராஃப்டின் நான்காவது தேர்வை, முன்வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிள் வில் கேம்பலுக்கே செலவழித்தார்கள், வலது பக்கம் மோர்கன் மோசஸ். மேக் ஜோன்ஸுக்குச் செய்யாததையெல்லாம் டிரேக்குக்குச் செய்திருக்கிறார்கள். என் முதல் ஓட்டு அவருக்கே.

அடுத்தது சிகாகோவின் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ். டிராஃப்டின் முதல் ஆள் என்பதாலேயே அவரைப் போட்டு வறுத்தெடுத்தார்கள். 3,541 யார்டு, 20 டச்டவுன், வெறும் 6 இன்டர்செப்ஷன் எடுத்த ஒரு முதல் வருட ரூக்கியைத் தோல்வி என்று எழுதியவர்கள், அவர் 68 முறை சாக் ஆனதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிட்டார்கள். பந்தை எறிவதற்குள் 68 தடவை தரையில் விழுந்திருக்கிறார்! அதில் ஒன்பது ஒரே ஆட்டத்தில், அதுவும் எங்கள் பேட்ரியட்ஸிடம், சொந்த மைதானத்தில். சிகாகோ 19-3 தோல்வி. அந்த வாரமே கோஆர்டினேட்டர் ஷேன் வால்ட்ரனை நீக்கினார்கள். தாங்க்ஸ்கிவிங் அன்று டெட்ராய்டில் டைம்அவுட் கையில் இருந்தும் கேட்காமல் நேரம் ஓடிப்போனது, மறுநாள் தலைமைக் கோச் எபர்ஃபுளூஸும் போனார். 22, 23 வயதுப் பையன் ஒரே சீசனில் எத்தனை பேர் பேச்சைக் கேட்பான்? சில முறை சாக் ஆனதற்கு அவரே பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் காரணம், அதைத் திருத்திக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் திருத்தச் சொல்லிக்கொடுக்க இப்போதுதான் ஆள் வந்திருக்கிறார். டெட்ராய்டின் தாக்குதலைப் போன வருடம் ஆட்டத்துக்கு 33 புள்ளி எடுக்க வைத்த பென் ஜான்சன். முன்வரிசைக்கு ஜோ தூணி, ஜோனா ஜாக்சன், அதன் நடுவில் சென்டராக டிரூ டால்மன்.

சிகாகோவின் நூறு வருடச் சரித்திரத்தில் ஒரு குவார்ட்டர்பேக்கும் ஒரே சீசனில் 4,000 யார்டு எறிந்ததில்லை. 2024 வரை, 1995-இல் எரிக் கிரேமர் எடுத்த 3,838-தான் உச்சம். அது இந்த வருடம் உடையும் என்றே நம்புகிறேன்.

அரிசோனாவுக்குப் பந்து பிடிக்கும் மார்வின் ஹாரிசன் ஜூனியரைப் பலர் முதலிடத்தில் வைக்கிறார்கள். 885 யார்டு, 8 டச்டவுன் மோசமில்லை, திறமைக்கும் குறைவில்லை. அரிசோனாவில் கோச்சும் முறையும் அப்படியேதான் இருக்கின்றன, அதனால் எனக்குத் தயக்கம். கேலப் எழுந்தால் அவரிடம் பந்து வாங்கும் ரோம் ஒடுன்ஸேவும் கூடவே எழுவார். முழங்கால் காயத்தால் போன வருடம் முழுக்க வெளியே இருந்த மின்னசோட்டா குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்திக்கு இது பெயருக்குத்தான் இரண்டாம் வருடம், அவரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

அந்த மெக்கார்த்தி, தான் வளர்ந்த சிகாகோ பக்கத்திலேயே செப்டம்பர் 8 திங்கள் இரவு கேலப்புக்கு எதிராகத்தான் முதல் ஆட்டம் ஆடுகிறார். மின்னசோட்டாவின் டிஃபென்ஸ் பிரையன் ஃபுளோரஸ் கையில். எந்தப் பக்கத்திலிருந்து எத்தனை பேர் பாய்ந்து வருவார்கள் என்று காட்டாமலே பாய்ச்சுபவர் அவர். தூணியும் டால்மனும் அதைத் தாங்குகிறார்களா, கேலப் மூன்று நொடிக்குள் பந்தைக் கையைவிட்டு அனுப்புகிறாரா என்பதைத்தான் அன்றிரவு பார்க்கப் போகிறேன். யார் ஜெயித்தார்கள் என்பது அப்புறம்.