கல் குடில் சந்துல சிமெண்ட் அடைக்காதீங்கப்பா

பழைய கல் குடிலுக்கு சந்து சந்தா சிமெண்ட் அப்பிட்டு "புதுப்பிச்சாச்சு"னு போட்டோ போடுறதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். ஸ்பெயின்ல கத்தலோனியா பக்கம் திராட்சைத் தோட்டத்துல இருக்கிற குடில்களைத்தான் சொல்றேன், அங்க அதுக்குப் பேர் பராக்கா. சாந்து கிடையாது, வெறும் கல்லு. அதுவும் காசு குடுத்து வாங்குனது இல்ல, கொடி நட நிலத்தைக் கொத்துறப்ப கிளம்பி வந்த கல்லு, எங்க கொண்டு கொட்டுறதுனு தெரியாம அதுலயே வரப்பு, அதுலயே சுவரு, அதுலயே கூரை.

கூரைதான் விஷயமே. ஒவ்வொரு வரிசையையும் கீழ்வரிசையைவிட கொஞ்சம் உள்ள தள்ளி வட்டமா அடுக்கிட்டே போவாங்க, மேல போகப் போக வாய் குறுகி கடைசில ஒரு பலகைக் கல்லை வச்சு மூடிடுவாங்க. கல்லு வெளிப்பக்கமா லேசா சாஞ்சிருக்கணும், அப்பதான் மழைத்தண்ணி உள்ள இறங்காது. அதுக்கு மேல பொடிக்கல்லும் மண்ணும் கொட்டி, மண்ணு கரையாம இருக்க ஐரிஸ் செடி நட்டு வைப்பாங்க, வேர் மண்ணைப் பிடிச்சுக்கும். வாட்டர்ப்ரூஃபிங் ஓவர்!

இதைக் கட்டினவங்கள்ல நிறைய பேர் குத்தகைக்காரங்க. ரபாஸா மோர்ட்டானு ஒரு ஒப்பந்தம், கொடி உயிரோட இருக்கிற வரைக்கும்தான் நிலம் உன் கையில. 1860கள்ல இருந்து பிரான்ஸ்ல ஃபிலாக்ஸெரா பூச்சி திராட்சை வேரை அழிச்சப்போ இவங்க ஒயினுக்கு கிராக்கி ஏறுச்சு, மலைச்சரிவெல்லாம் கொடி, கூடவே குடிலு. 1879ல அதே பூச்சி கத்தலோனியாவுக்கும் வந்துருச்சு. கொடி செத்துச்சு, குத்தகையும் போச்சு. கைவிட்ட சரிவுல பைன் காடு ஏறிடுச்சு, இன்னைக்கு எத்தனையோ குடில் அந்தக் காட்டுக்குள்ளதான் கிடக்கு.

2018ல யுனெஸ்கோ பட்டியல்ல 8 நாட்டுக்காகச் சேர்த்தது சாந்தில்லாம கல் அடுக்குற வித்தையை, கட்டடத்தை இல்ல. அதுதான் சரினு எனக்குப் படுது. விக்கிபெத்ரானு ஒரு இணையதளத்துல ஜனங்களே குடிலைத் தேடிப் போய் போட்டோவோட இடம் குறிச்சு ஏத்துறாங்க, நல்ல வேலைதான், ஆனா கணக்கெடுத்துட்டா மட்டும் கூரை நிக்குமா? ஒரு கல்லு நழுவுனா அதைத் திருப்பி வைக்கத் தெரிஞ்ச கை வேணும், அந்தக் கைக்குக் கூலி வேணும், கூட நின்னு கத்துக்க ரெண்டு பசங்க வேணும். வேலிக்கும் போர்டுக்கும் போற காசை இங்க திருப்பலாம்ல? சிமெண்ட் போட்டா ஈரம் வெளிய போற வழியே அடைஞ்சிடும், கல்லு அசைஞ்சு குடுக்கவும் முடியாது.

ஆளே கிடைக்கலையா, குறைஞ்சபட்சம் கூரை மேல முளைச்சிருக்கிற பைன் கன்னையாவது சின்னதா இருக்கிறப்பவே வெட்டி விடுங்க, வேர் பருத்துச்சுனா கல்லை நெம்பிடும். ஐரிஸ்ல மட்டும் கை வைக்காதீங்க.