கேரிங்டனின் இரண்டு கம்பிகள்

சூரியப் புயல் பேச்சு எங்கே எழுந்தாலும் ஆங்கிலேய வானியலாளர் ரிச்சர்ட் கேரிங்டன் பெயர் வந்துவிடும். 1859 செப்டம்பர் 1, தந்திக் கம்பிகளில் தீப்பொறி, கியூபா வரை தெரிந்த துருவ ஒளி. அத்தோடு ஆளை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அன்று சூரியனில் அவர் கண்ட ஒளி வெடிப்பை ஹாட்ஜ்சன் என்பவரும் வேறிடத்திலிருந்து பார்த்தார். கேரிங்டனின் பெரிய வேலை, இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் சொந்தச் செலவில் அமைத்த ஆய்வகத்தில் 1853 நவம்பர் முதல் 1861 மார்ச் வரை நடத்திய சூரியக் கரும்புள்ளி அளவீடு.

முறை எளிது. நாலரை அங்குலத் தொலைநோக்கியால் சூரிய பிம்பத்தை ஒரு திரையில் சுமார் 11 அங்குல விட்டத்துக்கு விழ வைப்பார். கண்வில்லையின் குவியத்தில் இரண்டு மெல்லிய தங்கக் கம்பிகள், ஒன்றுக்கொன்று செங்குத்தாக, சூரியன் நகரும் திசைக்கு 45 பாகை சாய்வில். தொலைநோக்கியை அசையாமல் பூட்டிவிட்டால் பிம்பம் தானாகவே கம்பிகளைக் கடக்கும். முன்விளிம்பு, புள்ளி, பின்விளிம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பியைத் தொடும் நொடியைக் காலமானியில் பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு புள்ளியின் இரு நேரங்களின் சராசரி கிழக்கு மேற்கு இடத்தையும், வித்தியாசம் வடக்கு தெற்கு இடத்தையும் தந்துவிடும். கோணம் அளக்கும் கருவியே தேவையில்லை!

ஆனால் ஒரு நொடி பிசகினால் 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) போச்சு. திரையில் அது 2 மி.மீ.தான், சூரியனின் நடுவிலோ சுமார் 11,000 கி.மீ., அதாவது சூரிய உருண்டையின் மேல் கிட்டத்தட்ட ஒரு பாகை. விளிம்பருகே பரப்பு சாய்ந்து தெரிவதால் அதே பிசகு பல பாகையாக வீங்கும். கம்பியின் சாய்வு சரியில்லாவிட்டால் சூரியனே காட்டிக்கொடுக்கும்: வட்டு இரு கம்பிகளையும் கடக்க எடுக்கும் நேரம் ஒன்றாக இருக்காது.

அந்த வெடிப்பும் இந்த வேலையின் நடுவில்தான் சிக்கியது. திரை மறைப்பில் ஓட்டை விழுந்து வெளிச்சம் கசிகிறது என்றே முதலில் நினைத்தார். கைப்பிடியைத் திருப்பிப் பிம்பத்தை நகர்த்திப் பார்த்தபோதுதான் விஷயம் வேறு என்று புரிந்தது. உடனே காலமானியைப் பார்த்து நேரத்தை எழுதினார்: 11.18. ஐந்தே நிமிடத்தில் அடங்கிவிட்டது. லண்டன் அருகே கியூ ஆய்வகத்தில் பூமியின் காந்தப்புலத்தை அளந்த காந்தமானி அதே வேளையில் துள்ளியிருந்ததைப் பின்னால் பொருத்திப் பார்க்க முடிந்தது, நேரம் துல்லியமாக இருந்ததால்தான். சுமார் பதினேழரை மணி நேரம் கழித்துப் பெரும் காந்தப் புயல். பம்பாய் கொலாபா ஆய்வகத்துப் பதிவிலும் அது இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும், ஒரே நிகழ்வை வைத்து இரண்டுக்கும் தொடர்பு என்று முடிவு கட்டக் கூடாது என்று எழுதினார். அந்த நிதானம் இன்றைய காணொளிக்காரர்களிடம் இல்லை.

1858-ல் தந்தை இறந்ததும் குடும்பத்தின் பீர் ஆலை தலையில் விழுந்தது. அளவீடு அரைகுறையாகிக் கடைசியில் நின்றுபோனது. அதற்குள் கிடைத்தது போதுமானதாக இருந்தது. சூரியன் ஒரே திடக்கட்டியாகச் சுழலவில்லை: நடுக்கோட்டில் சுமார் 25 நாள், 30 பாகை அட்சத்தில் ஏறத்தாழ 26½ நாள். (ஜெர்மனியில் ஸ்போரரும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.) சுழல் அச்சின் சாய்வு 7¼ பாகை என்று அவர் சொன்ன மதிப்பு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

பூமியும் அதே திசையில் சூரியனைச் சுற்றுவதால், இங்கிருந்து பார்க்க ஒரு சுற்று சற்று நீளும்; அது 27.2753 நாள் என்ற கணக்கும் அவர் பெயரில்தான் ஓடுகிறது. 1853 நவம்பர் 9-ல் தொடங்கியது சுற்று 1. 2003-ல் 2000-ஐத் தாண்டியாயிற்று. இது நடு அட்சங்களுக்கான சராசரி என்பதை மட்டும் மறக்க வேண்டாம். நடுக்கோட்டருகே உள்ள புள்ளியை இதை நம்பி அடுத்த சுற்றில் தேடினால், அது ஐந்தாறு பாகை முன்னே போயிருக்கும்.