பாட்டோடு படிப்பதும் பாட்டைப் படிப்பதும்

சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டத்தில் பேசப்பட்டதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. வராதவர்களுக்கும் வட்ஸ்அப்பில் காணொளி வந்துவிட்டது. "பாட்டுக் கேட்டால் மூளை மழுங்கும், சங்கீதப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுப்போம்" என்று சொல்லப்பட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மண்டபமே கைதட்டியதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாட்டோடு படிப்பது வேறு, பாட்டைப் படிப்பது வேறு. வரிகளுள்ள பாட்டு காதில் ஓடும்போது வாசிப்பும் மனனமும் தடைப்படும் என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. சொற்களைச் சற்று நேரம் பிடித்துவைக்கும் நினைவில் பாட்டின் சொற்களும் புகுந்து இடங்கேட்கின்றன. ஆகவே வரலாற்றுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காதில் ஹெட்செற் செருகும் பிள்ளையை ஏசுங்கள், நானும் சேர்ந்து ஏசுகிறேன். அதற்காகச் சங்கீத ஆசிரியையின் பாடவேளையைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத வன்னியில் வளர்ந்தவன் நான். கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை அண்ணா கையால் சுற்ற, டைனமோவில் வானொலி பாட, குப்பிவிளக்கடியில் நான் படிப்பேன். உண்மையைச் சொன்னால், பாட்டு ஓடிய நேரத்தில் ஓர் எழுத்தும் ஏறியதில்லை. அண்ணாவின் கை சோர்ந்து பாட்டு நின்ற பிறகு, அந்தக் குளிர்ந்த மனத்தோடு படித்ததே நின்றது. மனதுக்குப் பிடித்த இசையைக் கேட்கையில் மூளையில் டோபமின் என்ற, இன்ப உணர்வோடு தொடர்புள்ள இரசாயனம் சுரக்கிறது என்று 2011இல் மொன்றியல் ஆய்வாளர்கள் காட்டியதை வாசித்தபோது, எனக்கு அண்ணாவின் கைதான் நினைவுக்கு வந்தது. விஞ்ஞான ரீச்சர் மெட்டுப்போட்டுச் சொல்லித்தந்த முதல் 20 மூலகங்களும் இன்றும் எனக்கு வரிசை பிசகாமல் வருகின்றன. இடம்பெயர்ந்த பாதையில் புத்தகங்கள் எல்லாம் போயின. அந்த மெட்டு போகவில்லை.

"மேற்கத்தேய இசைமேதை மொசார்ட்டின் இசையைக் கேட்டால் பிள்ளை கெட்டிக்காரனாகும் என்கிறாயா?" என்று ஒருவர் வருவார். இல்லை ஐயா. 1993இல் 36 கல்லூரி மாணவர்களுக்கு அந்த இசையைக் கேட்கவைத்துச் செய்த பரிசோதனையில் கிடைத்த பலன், இடஞ்சார்ந்த சில கணக்குகளில், கால்மணி நேரத்துக்குள் மறைந்த ஒன்று. அதை நம்பி 1998இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா ஆளுநர் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க நிதி கேட்டார் என்பது வேறு கதை. கேட்பதைவிடக் கற்பதில்தான் கொஞ்சம் விஷயம் இருக்கிறது: 2004இல் வெளிவந்த ரொறன்ரோ ஆய்வொன்றில் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரில், ஓராண்டு இசை கற்றவர்களின் நுண்ணறிவு ஈவு (IQ) மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாக உயர்ந்தது. சற்றேதான். அந்தச் சற்றுக்காகவும் நான் வாதாடவில்லை. சங்கீதம் கணிதத்துக்கு உதவினால்தான் பள்ளிக்கூடத்தில் இருக்கலாம் என்றால், கணிதம் எதற்கு உதவுகிறது என்று யாராவது கேட்கிறோமா?

"கணிதத்தில் தவறினால் பிள்ளையின் கதி?" நியாயமான கேள்வி. ஆனால் கணித ஆசிரியரே இல்லாமல் இரண்டு ஆண்டுகள் போனபோது இந்த மண்டபம் இப்படி நிறையவில்லையே! வாயில்லாப் பாடம் என்றால் எல்லோருக்கும் வீரம் வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வரும் வழியில், மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்த மகள் கேட்டாள்: "அப்பா, சங்கீத சபைச் சோதினைக்குக் கட்டின காசைத் திருப்பித் தருவினமோ?" கைதட்டியவர்களில் யாராவது அவளுக்குப் பதில் சொல்லுங்கள்.