சத்தம் போட்டால் பயம் வந்துவிடுமா?

கடந்த ஞாயிற்றுக்கிழமை, திருமங்கலத்திலிருந்து பேருந்து பிடித்து மதுரைக்கு வந்து, ஒரு பேய்ப்படத்தின் ரீமேக்கை இரவுக் காட்சியில் பார்த்தேன். பெயரைச் சொல்லி யாருடைய பிழைப்பையும் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அன்று மூண்ட ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

மூலப்படத்தைப் பலமுறை பார்த்தவன் நான். அதில் நள்ளிரவில் அந்தப் பெண் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவாள். குழாயிலிருந்து எவர்சில்வர் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருக்கும். அவள் நெருங்க நெருங்க அந்த ஓசை மட்டுமே நம் காதில் நிறைந்திருக்கும்போது, சட்டென்று அது நின்றுவிடும். இருட்டுக்குள் யாரோ குழாயை மூடியிருக்கிறார்கள். இசையும் இல்லை, கோரமுகமும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும்.

ரீமேக்கிலும் அதே குழாய், அதே குடம். ஆனால் அவள் வாசற்படியில் கால் வைக்கும் முன்பே வயலின்கள் கிளம்பி, உடுக்கை சேர்ந்து, அதன்மேல் ஒரு பெண்குரலின் ஓலமும் ஏறிக்கொண்டதால், சொட்டு விழுந்ததும் கேட்கவில்லை, நின்றதும் கேட்கவில்லை. கேட்காத ஓசை நின்றால் யாருக்குப் பயம் வரும்? இருக்கைதான் அதிர்ந்தது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீரிட்டு அழுதது. இடைவேளையில் நான் புலம்பியபோது, உடன் வந்த நண்பன், "பேய்ப்படம்னா சத்தம் இல்லாமலா மாப்ள?" என்றான். இத்தனை ஆண்டுகளாக இப்படிப்பட்ட படங்களையே கொடுத்து அவனை நம்பவைத்தவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

திடுக்கிடுவது வேறு, அஞ்சுவது வேறு. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் காதோரம் யாராவது பீப்பீ ஊதினாலும்தான் திடுக்கிடுவோம். அதற்குப் பெயர் பயமா? 1960இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் விழும் ஓசை மட்டுமே கேட்கும்; திரைச்சீலை விலகும் கணத்தில்தான் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் தந்திக் கருவிகள் அலறும். அதற்கு முன்னிருந்த அமைதிதான் அந்த அலறலுக்கு அத்தனை வலுவைக் கொடுத்தது. நம்மவர்களுக்கும் இது தெரியாததல்ல. வீணை வித்வானான எஸ்.பாலசந்தரே 1954இல் 'அந்த நாள்' படத்தை ஒரு பாட்டுகூட இல்லாமல் இயக்கிக் காட்டினார்.

ரீமேக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1993இல் மலையாளத்தில் வந்த 'மணிச்சித்ரதாழ்' படத்தின் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி. அவள் தமிழ் பேசுவதுதான் அந்த வீட்டாரைக் கலங்கடிக்கும். 2005இல் 'சந்திரமுகி'யாக அது தமிழுக்கு வந்தபோது, அதே தமிழ் நமக்கு அச்சம் தராது என்பதால் அவளைத் தெலுங்கு பேசவைத்தார்கள். எது பயமுறுத்துகிறது என்று யோசித்துச் செய்த மாற்றம் அது. நான் பார்த்த படத்திலோ, குழாயையும் குடத்தையும் விலைகொடுத்து வாங்கிவிட்டு, அந்தக் காட்சியின் உயிரான நிசப்தத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது ஆல்பம். அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும் ஒரே ஓர் இடம் நன்றாக இருந்தது: இறந்துபோன தாய், சொற்களே இல்லாமல் முனகும் ஒரு தாலாட்டு. ஊர் திரும்பும் பேருந்திலேயே அதைத் தேடினேன். ஆல்பத்தில் ஐந்து பாட்டுகள் இருக்கின்றன; அதில் ஒன்று குத்துப்பாட்டு, ஒன்று பழைய பாட்டின் ரீமிக்ஸ், இரண்டு படத்தில் பாதிகூட வராதவை. தாலாட்டு மட்டும் இல்லை. பாட்டு வரி இல்லாத இசையை யார் கேட்பார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்று வெளியிட்ட இசைத்தொகுப்பின் கேசட், எங்கள் வீட்டில் நாடா சிக்கிக்கொள்ளும்வரை ஓடியது. சிக்கிய நாடாவை என் அப்பா பென்சில் விட்டுச் சுற்றிச் சுற்றி மீட்டார்.

முழுப் பின்னணி இசையையும் வெளியிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த முக்கால் நிமிடத் தாலாட்டையாவது, மேலே தாளம் எதையும் ஏற்றாமல், படத்தில் இருக்கிறபடியே வெளியிடுங்கள்.