படத்தைப் பற்றிப் பேச மைக் எதற்கு?

மும்பையில் கொலாபா, காலா கோடா பக்கம் இருக்கும் ஓவியக் கேலரிகளில் ‘கலையைப் பற்றிப் பேசலாம் வாங்க’ என்று சாயங்காலக் கூட்டங்கள் நிறைய நடக்கின்றன. நல்ல விஷயம்தான். ஜனவரியில் மும்பை கேலரி வீக்எண்ட் வருகிறது, சில வியாழக்கிழமைகளில் ராத்திரி வரை திறந்து வைக்கிறார்கள், பெரும்பாலும் டிக்கெட்டும் கிடையாது. ஆனால் உள்ளே போனால் பாதிப் பேர் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒயினோடு, பாந்த்ராவில் யாரோ வாங்கின ஃப்ளாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் மைக் பிடித்த மூன்று பேருக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கேள்வி கேட்கிறேன் என்று எழுந்து சொற்பொழிவு ஆற்றுகிறவர் நம்ம தமிழ்ச் சங்கத்தில் மட்டும்தான் இருப்பார் என்று நினைக்காதீர்கள், அங்கேயும் ஒருவர் தவறாமல் வந்துவிடுகிறார்.

என்னைக் கேட்டால், பேச்சு தானாக வர உட்கார ஓர் இடமும் மலிவாக ஒரு டீயும் போதும். காலா கோடாவில் இருக்கும் ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி 1952-ல் திறந்தது. 1964-லிருந்து அதற்குள்ளேயே, ரயில் பெட்டி மாதிரி நீளமான ஒரு தாழ்வாரத்தில், சமோவார் என்று ஒரு கஃபே இருந்தது. ஓவியர்கள், நாடகக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பக்கத்துக் கல்லூரிப் பசங்க எல்லாரும் அங்கேதான். ஒரு டீயை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்தாலும் விரட்ட மாட்டார்கள். படத்தைப் பார்த்துவிட்டு நாலு அடி நடந்தால், அதைத் திட்டுவதற்கு ஆளும் மேசையும் தயார். 2015-ல் அதை மூடிவிட்டார்கள். அதற்கு அப்புறம் எத்தனை கலந்துரையாடல் வைத்தாலும் அந்த இடம் நிரம்பவில்லை என்பது என் கட்சி.

போன வருஷம் மாதுங்காவிலிருந்து பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனேன். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்க மாட்டார். ஒரு பெரிய கேன்வாஸில் ஓரம் சுற்றிலும் பன்னிரண்டு கட்டம், நடுவில் வெற்றிடம், கட்டங்களுக்குள் படிக்க முடியாத கிறுக்கல் எழுத்து. பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, “கட்டம் எல்லாம் சரியா இருக்கு, லக்னத்தைக் காணோமேடா, யாரோட ஜாதகம் இது?” என்றார். சத்தமாகத்தான். வரைந்தவர் ஒரு மராத்திப் பையன், பக்கத்திலேயே நின்றிருந்தான், ‘என்ன சொல்கிறார்?’ என்று வந்தான். அவர்கள் வீட்டு ஜாதகத்தில் கட்டம் குறுக்குக் கோடுகளோடு வைர வடிவில் இருக்குமாம், இந்தச் சதுரக் கட்டத்தைப் பழைய நோட்டு ஒன்றில் பார்த்து எடுத்தானாம், லக்னம் குறிக்க வேண்டும் என்பதே தெரியாதாம். பெரியப்பா தன் பம்பாய் ஹிந்தியில் விளக்க ஆரம்பித்தார். ஒரு குஜராத்தி அம்மா விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் தன் வீட்டுக் கட்டத்தை வரைந்து காட்டினார். லக்னமே இல்லாத ஜாதகம் என்றால் அது இன்னும் பிறக்காதவனுடையதா என்று ஒருவர் கேட்க, அந்தப் பையன் தன் படத்தையே புதுசாகப் பார்க்கிற மாதிரி திரும்பிப் பார்த்தான். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொன்னார்கள்!

இந்த மாதிரிக் கட்டமும் கிறுக்கல் எழுத்தும் நமக்குப் புதுசும் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கிய ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 60-களிலேயே ‘வார்த்தைகளும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசையே வரைந்திருக்கிறார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஆரம்பித்திருந்தால் பெரியப்பா வாயைத் திறந்திருக்கவே மாட்டார், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்.

அதனால் கேலரிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு ஸ்டூல் போடுங்கள், வயசானவர்கள் எவ்வளவு நேரம்தான் நிற்பார்கள். வரைந்தவரை மேடையில் ஏற்றாமல் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சுவரில் ஒட்டும் குறிப்பை மராத்தியிலும் எழுதுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகப் போடுங்கள்.

செம்பூர், சயான், தாராவி, மாதுங்கா நண்பர்களே, அடுத்த தடவை போகும்போது இங்கே எழுதுகிறேன், சர்ச்கேட்டில் இறங்கினால் நடந்துவிடலாம். ஒயின் வேண்டாதவர்களுக்கு நான் ஃப்ளாஸ்கில் காபி கொண்டுவருகிறேன். பெரியப்பா வருவதாகச் சொல்லிவிட்டார், ராகுகாலம் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.