முழு அறிக்கையைத் தமிழில் கொடுங்கள்

2020இல் நாடே ஊரடங்கில் இருந்தபோது ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி, அதாவது ஒரு திட்டம் சுற்றுப்புறத்தை எப்படிப் பாதிக்கும் என்று முன்கூட்டியே ஆராய்வது பற்றி, ஒரு வரைவு அறிவிக்கையைக் கொண்டுவந்தது. ஆலையோ சுரங்கமோ வந்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் கருத்துச் சொல்லக் கிடைக்கும் 30 நாள் அவகாசத்தை 20 நாளாகக் குறைத்த வரைவு அது. வெளியானதோ ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மொழிபெயர்த்துக் கொடுப்பதை விட்டுவிட்டு, அந்த உத்தரவை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது!

சரி, நடைமுறையில் உள்ள 2006 அறிவிக்கையாவது பரவாயில்லையா? ஊர்க்காரர்களின் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன் அந்த மதிப்பீட்டின் சுருக்க அறிக்கையை மட்டும் மாநில மொழியில் தந்தால் போதும் என்கிறது அது. நிலத்தடி நீர், காற்று, கழிவு பற்றிய விவரமெல்லாம் இருக்கும் முழு அறிக்கைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஊர்க்காரர் கையில் சில பக்கம், நிறுவனத்தின் ஆலோசகர் கையில் நூற்றுக்கணக்கான பக்கம். கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து, "எங்க கிணறு வத்திப்போயிடும்"னு கத்துகிறார். எந்த அட்டவணையில் எந்த எண் தப்பு என்று அவரால் காட்ட முடியாது, அதைப் படிக்கிற வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை. உடனே "உணர்ச்சிவசப்படுறாங்க, அறிவியல் தெரியாம எதிர்க்கிறாங்க" என்ற பேச்சு வருகிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வருஷக்கணக்காக அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவருக்குத் தெரியாத நீர்மட்டமா? இதைவிடக் கொடுமை, கொஞ்ச நாளில் அவரே "நமக்கென்ன தெரியும், படிச்சவங்க பாத்துக்கட்டும்" என்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுவதுதான். அப்புறம் அவரை அக்கறையில்லாதவர் என்கிறோம்.

நாடாளுமன்ற உறுப்பினருக்கே இந்தக் கதிதான். சு. வெங்கடேசன் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்துக்கு ஒன்றிய உள்துறை இணையமைச்சர் இந்தியில் பதில் அனுப்பினார். மனு எந்த மொழியில் வந்ததோ அதே மொழியில் பதில் தர வேண்டும் என்று 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்ல வேண்டியிருந்தது. அவரால் வழக்குப் போட முடிந்தது. ஊர்க்காரர் எங்கே போவார்?

முழு அறிக்கையும் தமிழில், கூட்டத்துக்கு 30 நாள் முன்பே, அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதுவரை கூட்டத்துக்குத் தேதியே குறிக்கக் கூடாது. தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தையும் மாவட்ட ஆட்சியர்களையும் இதைக் கேட்டு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.