கூழாங்கல் இல்லாத ராயாஸ்
தெற்கு பிரான்சின் ஷத்தோநெஃப்-து-பாப் ஊர் ஒயினின் உயர்வுக்கு அங்கே தோட்டங்களில் கிடக்கும் உருண்டைக் கூழாங்கற்கள்தான் காரணம், அக்கம்பக்கத்து ஊர்களில் கிரெனாஷ் என்ற திராட்சையில் செய்யும் ஒயின் எல்லாம் அதன் மலிவு நகல் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அதே ஊரில் எல்லோரும் தேடி அலையும் ஷத்தோ ராயாஸ் ஒயினுக்கான திராட்சை விளைவது பெரும்பாலும் மணல் நிலத்தில், சுற்றிலும் மர நிழல். அதன் சிவப்பு ஒயின் முழுக்க கிரெனாஷ். இந்தத் திராட்சையில் சர்க்கரை சும்மாவே எகிறும், அதோடு ஆல்கஹாலும் ஏறும். பகல் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் திருப்பித் தரும் கல், வெயில் கொளுத்தும் ஆண்டில் உதவியா உபத்திரவமா? லேபிளில் 15 சதவீத ஆல்கஹாலைப் பார்த்தால் புரிந்துவிடும். நான் பெரும்பாலும் எடுப்பது பக்கத்து ஊரான ஜிகோந்தாஸின் ஒயின். மலையடிவாரத்து இரவுக் குளிரில் புளிப்பு கொஞ்சம் தங்கும், பழச்சுவை ஜாம் ஆகிவிடாது. 1971லேயே தனி அப்பெலாசியோன் (ஊர்ப் பெயரில் ஒயின் விற்கும் சட்ட அங்கீகாரம்) பெற்ற ஊரை நகல் என்பது அநியாயம். கிரெனாஷுக்கு நிறமும் துவர்ப்பும் குறைவு; அதனுடன் கலக்கும் திராட்சைகளில் சிரா நிறத்தையும் மிளகு வாசத்தையும் தரும், மூர்வேத்ர் துவர்ப்பைக் கூட்டும். வாங்குமுன் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று கடையில் கேளுங்கள், மண்ணைப் பற்றி அப்புறம் பேசலாம். இந்த ஒயின்களைக் குடித்தால் 'தொண்டை எரிகிறது' என்பவர் பாட்டிலை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து 16 டிகிரி வாக்கில் குடித்துப் பார்க்கட்டும், பாதி எரிச்சல் போய்விடும். கை கடிக்காமல் வேண்டுமென்றால் அக்கம்பக்கத்து ஊரான ரஸ்தோவின் ஒயின் இருக்கிறது, ஆனால் லேபிளைக் கவனியுங்கள், அதே பெயரில் இனிப்பு ஒயினும் வருகிறது.